ஓட்டல் மேனேஜ்மெண்ட் சான்றிதழ்: போட்ட பணம் திரும்பிய கதை

2013இல் மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஓராண்டு ஓட்டல் மேனேஜ்மெண்ட் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். கட்டணம் 65,000 ரூபாய். சீருடை, ஷூ, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 8,000; விடுதிக்கு 42,000. அம்மாவின் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்து 80,000 வாங்கினோம்; மீட்பதற்குள் வட்டி 28,000 ஆகிவிட்டது. படிக்காமல் எங்கள் ஊர்த் துணிக்கடைக்குப் போயிருந்தால் அந்த ஓராண்டில் 60,000 சம்பாதித்திருப்பேன். பலர் இதைச் செலவில் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். ஆக மொத்தம் 2,03,000.

2014 ஏப்ரலில் சென்னையில் ஓர் ஓட்டலின் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் 7,500. அதே நாளில் சேர்ந்த, பத்தாம் வகுப்பு மட்டும் படித்த பெண்ணுக்கு 7,000. மாதம் ஐந்நூறு ரூபாய்தான் வித்தியாசம். அந்த வேகத்தில் போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகும். அன்றிரவு விடுதியில் இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு அழுதேன்.

வேலை கற்றுக்கொடுத்தது படிப்பு இல்லை, அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக ரூம் அட்டெண்டண்டாக, அதாவது அறைகளைச் சுத்தம் செய்து ஒழுங்குபடுத்துபவராக, இருந்த ஓர் அக்கா. விரிப்பின் மூலையை ஒரே இழுப்பில் மடிப்பது, ஒரு ஷிப்டில் பதினாறு அறைகளை முதுகு ஒடியாமல் முடிப்பது, சுத்தம் செய்யும் திரவங்களில் ஆர்-1 குளியலறைக்கு, ஆர்-3 கண்ணாடிக்கு, ஆர்-6 கழிப்பறைக்கு என்று நிறத்தைப் பார்த்தே திரவத்தை எடுப்பது, எல்லாம் அவர் கைப்பழக்கம். வகுப்பில் இவற்றை எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன், செய்யத் தெரியாது.

2017 ஜனவரியில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானது. நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது, அக்காவைக் கூப்பிடவில்லை. விண்ணப்பப் படிவத்தில் 'படிப்பு' என்ற கட்டத்தில் எழுத என்னிடம் ஒரு வரி இருந்தது. பாடத்தில் படித்ததும் அப்போதுதான் கைகொடுத்தது: ஓர் அறைக்கு எத்தனை செட் விரிப்பு சுழற்சியில் இருக்க வேண்டும் என்ற பார் கணக்கு, நம் அறை நிலவரத்தை வரவேற்புப் பிரிவான ஃப்ரண்ட் ஆபீஸின் பட்டியலோடு ஒப்பிட்டு எழுதும் டிஸ்கிரிப்பன்சி ரிப்போர்ட், ஆங்கிலத்தில் லாக் புக். சம்பளம் 15,000 ஆனது. ரூம் அட்டெண்டண்டுகளுக்கு அப்போது 10,000. எனக்குப் பாடம் சொன்னவருக்கு நான் அறை ஒதுக்கிக் கொடுக்கும் நிலை வந்ததை இன்றும் சரியென்று ஏற்க முடியவில்லை. ஆனால் பணத்தின் கணக்கு அங்கேதான் திரும்பியது. முதல் 33 மாதங்களில் மாதம் ஐந்நூறு வீதம் 16,500 வந்திருந்தது. பிறகு மாதம் ஐயாயிரம் வீதம் 2020 பிப்ரவரியில் முழுத் தொகையும் கழிந்தது. அடுத்த மாதமே ஊரடங்கு. ஓட்டல் மூடியது, பல மாதங்கள் பாதிச் சம்பளம். அந்த இழப்பைச் சான்றிதழின் தலையில் கட்ட மாட்டேன்.

சான்றிதழின் குறை 2022இல் தெரிந்தது. துபாய் வேலைக்கு நேர்காணலில் தேர்வானேன். சான்றிதழுக்கு அரசு சரிபார்ப்பும் தூதரக முத்திரையும் வேண்டும் என்றார்கள். எந்த அரசு வாரியத்தோடும் பல்கலைக்கழகத்தோடும் இணைப்பில்லாத நிறுவனம் தந்த காகிதம் என்பதால் முதல் மேசையிலேயே நின்றுவிட்டது. அட்டெண்டண்ட் விசாவில் வேண்டுமானால் வரலாம் என்றார்கள். போகவில்லை. சேரும்போது கண்ணாடிக் கதவில் 'சர்வதேச அங்கீகாரம்' என்று ஒட்டியிருந்ததை நம்பினோம். யாருடைய அங்கீகாரம் என்று நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். மத்திய அரசின் பி.எம்.கே.வி.ஒய். என்ற தொழில் திறன் பயிற்சித் திட்டத்தில், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆர்.பி.எல். என்ற பிரிவு உண்டு. எங்கள் ஓட்டலில் அதை நடத்தியபோது அக்காவின் பெயரை நான்தான் முதலில் எழுதினேன். கட்டணம் கிடையாது. அதன் பிறகு அவருக்குச் சம்பளம் 1,500 கூடியது. நான் இரண்டு லட்சம் செலவழித்து முதல் நாளில் பெற்ற வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு அது.

இந்த ஆண்டு அவருடைய மகள் பிளஸ் டூ முடித்தாள். வீட்டருகே ஒரு தனியார் நிறுவனம் ஓராண்டுப் படிப்புக்கு 1,40,000 கேட்கிறது என்று துண்டறிக்கையோடு வந்தாள். என் பழைய கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினேன். 1982இல் தொடங்கிய தேசிய ஓட்டல் மேலாண்மை கவுன்சிலோடு இணைந்த கல்லூரிகள் சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இருக்கின்றன. முதலில் அங்கே விசாரிக்கச் சொன்னேன். இடம் கிடைக்காமல் தனியாருக்கே போவதென்றால், போன ஆண்டு முடித்தவர்களில் நான்கு பேரின் தொலைபேசி எண் வாங்கிப் பேசிவிட்டுப் பணம் கட்டு என்றேன். அக்கா பேசாமல் துண்டறிக்கையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் தரமணிக்குப் போனார்கள்.