புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு: வீட்டிலேயே பயிற்சியா, சேலத்து மிஷினா?

புராஸ்டேட்டை முழுதாக எடுத்தவர்களுக்கு, சிறுநீர் போக வைத்த டியூப்பைக் கழற்றியதும் சிறுநீர் சொட்டுவது சகஜம். வீக்கத்துக்காகச் சுரண்டி எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. எனக்கு முழுதாக எடுத்தார்கள். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைக்கு கெகல் பயிற்சி, அதாவது அதை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, செய்யச் சொன்னார் டாக்டர். வீட்டிலேயே செய்யலாம், இல்லை சேலம் போய் பிசியோதெரபி மிஷினில் செய்யலாம் என்றார். நான் வீட்டையே தேர்ந்தெடுத்தேன், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

மிஷினில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சென்சார் வைப்பார்கள், சரியான தசையை இறுக்கினால் திரையில் கோடு ஏறும். தசையே பிடிபடாதவர்களுக்கு அது வரம். லேசாக கரன்ட் வைத்துத் தசையைத் தூண்டுவதும் உண்டு. நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். செலவு எதில் அதிகம் என்று சொல்லவே வேண்டாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. இந்தத் தசை வாரம் ஒருநாள் வேலைக்கு மசியாது. தினமும், மாதக்கணக்கில் செய்ய வேண்டும்; கட்டுப்பாடு திரும்ப மூன்று மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். மிஷினுக்குப் போனாலும் மற்ற ஆறு நாள் வீட்டுப் பயிற்சிதானே? பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி, தொப்பூர் கணவாயில் குலுங்கி, பேட் நனைந்தபடி போய் வருகிற களைப்பில் அன்றைய பயிற்சியும் போய்விடும்.

பிரிட்டனில் 800க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு 2011இல் 'லான்செட்' இதழில் வந்தது. பிசியோதெரபிஸ்டிடம் நேரில் பயின்றவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஒரு வருடம் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியே வீண் என்றும் சிலர் இதைப் படிக்கலாம். ஆனால் இரண்டாவது தரப்பிலும் பலர் தாங்களாகவே பயிற்சி செய்துவந்தவர்கள்.

வீட்டில் செய்கிற விதம் இது. முழங்காலை மடக்கிப் படுத்து, காற்றுப் பிரியாமல் அடக்குவது போல இறுக்கி, குறியை உள்ளே இழுக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் குறியின் அடிப்பகுதி சற்று உள்வாங்கும், விதைப்பை மேலேறும். வயிற்றில் ஒரு கையை வையுங்கள். அது இறுகக் கூடாது, பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. மூன்று விநாடியில் தொடங்கி மெல்ல பத்துக்குக் கொண்டுபோகலாம். இறுக்கிய அளவுக்குத் தளர்த்தவும் வேண்டும். பத்து முறை, தினம் மூன்று வேளை. பழகிய பிறகு டிவி பார்த்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

அப்புறம் முக்கியமானது: இருமுவதற்கு முன், நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், குடம் தூக்குவதற்கு முன் இறுக்கிக்கொள்வது. எனக்குப் பலன் தெரிந்தது இதில்தான். சாயங்காலம் சொட்டு கூடினால் பயப்பட வேண்டாம், தசை களைத்திருக்கும். டியூப் இருக்கும்போது மட்டும் தொடங்காதீர்கள். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதைத் தினசரிப் பயிற்சியாக்கவும் வேண்டாம்.

தசை பிடிபடவே இல்லை, மூன்று மாதமாகியும் மாற்றமில்லை என்றால் சேலத்துக்கு பஸ் ஏறுங்கள். சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டியாக வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.