நேற்று எத்தனை யூனிட்? டாக்கரில் இன்ஃப்ளக்ஸ்டிபி 2.7

"நேத்து எத்தன யூனிட்டு வே ஓடிருக்கு?" ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு வட்டாரத்தில் காற்றாலை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் காலையில் முதல் வேலையாகக் கேட்பது இதைத்தான். கலர் கலரான கிராஃபெல்லாம் அப்புறம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரைக்கும்தான். அந்த நாலைந்து மாதத்தில் ஒரு நாள் கணக்குத் தப்பினாலும் மாதக் கடைசியில் ஈ.பி. மீட்டரோடு ஒத்துப் பார்க்கும்போது தலைவலிதான். அதனால், அளவுகளை நேரத்தோடு சேர்த்துச் சேமிக்கும் டேட்டாபேஸான இன்ஃப்ளக்ஸ்டிபி 2.7-க்கு இந்த மதிப்புரையில் எடைக்கல் அந்த ஒரு கேள்வி.

அமைப்பு இதுதான். மெஷின் அடியில் இருக்கும் எனர்ஜி மீட்டரை ஆர்எஸ்-485 வயர் வழியாக ஒரு சின்னப் பெட்டி 10 விநாடிக்கு ஒருமுறை படிக்கிறது. மினி பிசியாகவும் இருக்கலாம், ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். படிக்கிற வேலை, அளவுகளைச் சேகரித்து அனுப்பும் டெலிகிராஃப் என்ற மென்பொருளுடையது. 4ஜி சிம்மில் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டு, பாளையங்கோட்டை ஆபீஸில் ஓடும் சர்வருக்கு அது அனுப்புகிறது. அங்கே டாக்கர் ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் என்ற தனித்தனி டப்பாவில் ஓட்டுகிறது. இன்ஃப்ளக்ஸ்டிபி ஒரு கன்டெய்னர், கிராஃப் வரையும் கிராஃபானா இன்னொரு கன்டெய்னர், இரண்டும் ஒரே டாக்கர் கம்போஸ் ஃபைலில் (எதை எப்படி ஓட்டுவது என்ற பட்டியல்).

இந்த வேலைக்கு இது பொருந்தும். காரணம் வேகமும் இல்லை, அழகும் இல்லை. பிந்தி வரும் தரவை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். வடக்கன்குளம் தாண்டிப் பொட்டலில் டவர் போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தாலும், ஒவ்வோர் அளவும் எடுக்கப்பட்ட விநாடியிலேயே போய் உட்காரும். இன்னொரு கண்காணிப்பு டேட்டாபேஸான ப்ரோமிதியஸ் தானே போய் இழுத்து வரும் ஜாதி. இழுக்கப் போன நேரத்தில் லைன் இல்லையென்றால் அந்த இடம் ஓட்டை. ரிமோட் ரைட் (தரவை வேறு சர்வருக்கு அனுப்பும் வசதி) வைத்தாலும், எதிர்முனை 2 மணி நேரத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் அனுப்பாமல் நின்ற தரவு போய்விடும். சர்வர்களைக் கண்காணிக்க ப்ரோமிதியஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. கங்கைகொண்டான் ஐடி பூங்காவுக்குள் அது ராஜா. காற்றாலைக் காட்டுக்குத் தோதுப்படாது.

இடம் எவ்வளவு பிடிக்கும்? ஒரு மெஷினுக்கு 20 அளவுகள், 10 விநாடிக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 1,72,800 எண்கள். ஓர் எண்ணுக்குச் சுமார் 3 பைட் என்று வைத்தால் நாளைக்கு அரை எம்பி, வருஷத்துக்கு 190 எம்பி. பத்து மெஷினுக்கு 2 ஜிபி கூட ஆகாது. 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். ஆகவே ரிட்டென்ஷனை (தரவை வைத்திருக்கும் காலத்தை) வரம்பில்லாமலே விடலாம்.

நிறுவுவது பத்து நிமிஷ வேலை. ஆனால் வால்யூம் (கன்டெய்னர் போனாலும் தரவு தங்கும் இடம்) பாதையில் கவனம் வேண்டும். தரவு இருப்பது /வார்/லிப்/இன்ஃப்ளக்ஸ்டிபி2 என்ற இடத்தில். கடைசி 2 முக்கியம். 1.x காலத்துப் பழைய பாதையை அப்படியே ஒட்டினால் கன்டெய்னர் ஒரு வார்த்தை பேசாமல் ஓடும். தரவு பெயரில்லாத வால்யூம் ஒன்றுக்குள் போகும். பிறகு ஒரு நாள் கம்போஸ் டவுன் என்று இறக்கி, கம்போஸ் அப் என்று மறுபடி ஏற்றினால் வெறும் டேட்டாபேஸ் வந்து நிற்கும். இன்னொன்று: டவுன் கட்டளையோடு மைனஸ் வி சேர்த்தால் பெயருள்ள வால்யூமும் சேர்ந்து அழிந்துவிடும். எங்கோ படித்த கட்டளையை யோசிக்காமல் ஒட்டுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

யூசர், பாஸ்வேர்டு, ஆர்கனைசேஷன், பக்கெட் (தரவு போய்ச் சேரும் தொகுதி), டோக்கன் (அனுமதிச் சாவி) எல்லாம் 'டாக்கர்_இன்ஃப்ளக்ஸ்டிபி_இனிட்' என்று தொடங்கும் சூழல் மாறிகளாகக் கொடுக்கலாம். இவை முதல் தடவை மட்டுமே வேலை செய்யும். வால்யூமில் போல்ட் ஃபைல் (யூசர், டோக்கன் விவரம் இருக்கும் ஃபைல்) ஏற்கெனவே இருந்தால் கன்டெய்னர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கம்போஸ் ஃபைலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு "லாகின் ஆக மாட்டேங்குது" என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு விடை இதுதான். முதல் தடவையே அமைப்பு தோற்றால் பாஸ்வேர்டு 8 எழுத்துக்குக் குறைவா என்று பாருங்கள்.

பெயர் விஷயத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. கிராஃபானாவில் டேட்டா சோர்ஸ் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வரும்; கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். கம்போஸில் வைத்த சர்வீஸ் பெயரோடு, இன்ஃப்ளக்ஸ்டிபியின் போர்ட் எண்ணான 8086 என்று எழுத வேண்டும். கிராஃபானாவின் ஃபோல்டரை நேரடியாக மவுன்ட் செய்திருந்தால் அதன் உரிமை 472 என்ற யூசர் எண்ணுக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் 'பெர்மிஷன் டினைட்' என்று திரும்பத் திரும்ப விழுந்து எழும். 8086-ஐ வெறுமனே திறந்து வைக்காதீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட் யூஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிப் போய்விடும். ஃபயர்வால் போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. போர்ட் வரியில் வயர்கார்டு முகவரியை முன்னால் எழுதிக் கட்டிவிடுங்கள்.

இனி காட்டில் இருக்கும் பெட்டி. டெலிகிராஃபின் பஃபர் (லைன் இல்லாதபோது தரவு காத்திருக்கும் இடம்) இயல்பாக 10,000 வரி. ஒரு பெட்டி 10 விநாடிக்கு 20 வரி அனுப்பினால் 500 சுற்று, அதாவது 5,000 விநாடி. 83 நிமிஷத்தில் நிரம்பிவிடும். அதற்குமேல் பழைய வரிகள் முதலில் கழியும். 6 மணி நேரத் துண்டிப்பைத் தாங்க 43,200 வரி வேண்டும். மெட்ரிக் பஃபர் லிமிட்டை 50,000 என்று வைத்தால் போதும். ஆனால் இந்தப் பஃபர் ரேமில் இருக்கிறது. டவரும் போய்க் கரன்ட்டும் போனால் அதுவும் போச்சு. டிஸ்க்கில் எழுதும் வசதி 1.32-இல் சோதனை நிலையில் வந்தது. அதை நம்புவதைவிட பெட்டிக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைப்பது மேல்.

மீட்டர் படிக்கும்போது வரும் கோளாறு பல, ரெஜிஸ்டர் (மீட்டருக்குள் ஓர் அளவு இருக்கும் இடம்) எண் ஒன்று தள்ளிப்போவதால். மீட்டர் கையேட்டில் 40001 என்று இருந்தால் டெலிகிராஃபில் ஹோல்டிங் ரெஜிஸ்டர் 0. அடுத்தது பைட் வரிசை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத மாபெரும் எண்ணோ பூஜ்யத்தை ஒட்டிய எண்ணோ வந்தால், ஏபிசிடி என்பதை சிடிஏபி என்று மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி கன்வெர்ட்டரை டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரில் கொடுக்காதீர்கள்; பெட்டி மறுபடி எழும்போது 1 ஆகிவிடலாம். சீரியல் பை-ஐடி பெயரே நிலையானது. டெலிகிராஃபின் கன்டெய்னர் இப்போது ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓடுவதில்லை, ஆகவே அதற்கு சீரியல் போர்ட்டைத் தொடும் உரிமையுள்ள டயல்அவுட் குழுவின் எண்ணையும் சேர்த்துத் தர வேண்டும்.

ராஸ்பெர்ரி பை 4-க்குள் கடிகார பேட்டரி கிடையாது. கரன்ட் வந்து, நெட் வரும் முன் டெலிகிராஃப் எழுந்துவிட்டால், கரன்ட் போகும் முன் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே கடிகாரம் தொடரும். அந்தத் தரவெல்லாம் தப்பான நேரத்தில் பதிவாகும், பின்னால் யாரும் பிரித்தெடுக்க முடியாது. டிஎஸ்3231 ஆர்டிசி (பேட்டரிக் கடிகார) மாட்யூல் ஒன்று செருகினால் தீர்ந்தது. சின்ன விலைதான், இந்த அமைப்பிலேயே பைசாவுக்கு அதிகப் பயன் தருவது அதுதான்.

இப்போது அண்ணாச்சியின் கேள்வி. மீட்டரின் மொத்த யூனிட் ஏறிக்கொண்டே போகும் எண். ஒரு நாளின் அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் அன்றைய உற்பத்தி. இன்ஃப்ளக்ஸ்டிபியிடம் கேள்வி கேட்கும் ஃபிளக்ஸ் மொழியில், தரவைக் காலவாரியாக வெட்டும் அக்ரிகேட்விண்டோவுக்கு 1டி (ஒரு நாள்), ஸ்ப்ரெட் (அந்தக் கழித்தல்) என்று கொடுத்தால் வந்துவிடும். வரும், ஆனால் தப்பாக வரும். இன்ஃப்ளக்ஸ்டிபியின் நாள் யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் பிறக்கிறது. நமக்கு அது காலை 5.30. ஆனி, ஆடியில் ராத்திரி முழுக்கக் காற்று அடிக்கும் நாட்களில் இந்த ஐந்தரை மணி நேரம் ஆயிரம் யூனிட்டைக்கூட முந்தின நாள் கணக்கில் தள்ளிவிடும். டைம்சோன் பேக்கேஜை இம்போர்ட் செய்து, லொக்கேஷனை ஏசியா/கொல்கத்தா என்று வைக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு நாளின் விடைக்கும் அந்த நாள் முடியும் நேரத்தையே முத்திரையாகக் குத்துவது அதன் இயல்பு. நள்ளிரவு 12 என்பது அடுத்த நாள் அல்லவா? செவ்வாய்க்கிழமை ஓடியது புதன்கிழமை என்று காட்டும். டைம்சோர்ஸை ஸ்டார்ட் என்று மாற்றினால் சரியாகும். ரேஞ்சில் மைனஸ் 7டி (இந்த நிமிஷத்திலிருந்து 7 நாள் பின்னால்) என்று எழுதினால் முதல் நாள் பாதியிலிருந்து தொடங்கும், கிராஃபில் அந்தக் கம்பி குட்டையாக நிற்கும். அதைப் பார்த்து மெஷின் நின்றுவிட்டதென்று ஆளனுப்புவார்கள். மீட்டர் ஏதோ கோளாறில் ஒரே ஒரு முறை 0 என்று சொன்னாலும் அதிகபட்சத்திலிருந்து 0-ஐக் கழித்து "நேற்று 42 லட்சம் யூனிட்" என்று வரும். 250 கிலோவாட் பழைய மெஷின் 24 மணி நேரமும் முழுத்திறனில் ஓடினாலும் 6,000 யூனிட்தான். ஸ்ப்ரெட்டுக்கு முன்னால் 0-க்கு மேற்பட்டவை மட்டும் என்று ஒரு வடிகட்டி போடுங்கள்.

ஒரு நல்ல செய்தி: எண் ஏறிக்கொண்டே போவதால் நடுப்பகலில் இரண்டு மணி நேரத் தரவு தொலைந்தாலும் நாள் கணக்கு கெடாது. துண்டிப்பு நள்ளிரவைத் தாண்டினால்தான் உதைக்கும்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதித் தரவு அனுப்புகிறவர்களுக்கு இரண்டு. நேரத்தை விநாடியில் அனுப்பிவிட்டு ப்ரிசிஷன் எஸ் என்று சொல்லாமல் விட்டால், டேட்டாபேஸ் அதை நானோவிநாடி என்று எடுத்துக்கொள்ளும். எல்லாம் 1970 ஜனவரி 1-இல் போய் விழும். கிராஃபில் ஒன்றுமே இருக்காது, பிழையும் வராது. இரண்டாவது, 422 பிழை. ஒரு ஃபீல்டு (வோல்ட், யூனிட் போன்ற ஓர் அளவு) முதலில் முழு எண்ணாகப் பதிந்து, பிறகு தசமமாக வந்தால் அந்த வரி நிராகரிக்கப்படும். இந்த வகை, தரவைக் காலவாரியாகப் பிரித்து வைக்கும் துண்டான ஷார்டுக்கு ஷார்டு தனி. வரம்பில்லா ரிட்டென்ஷனில் ஒரு ஷார்டு 7 நாள். அதனால் ஒரு வாரத்தில் தானாகச் சரியானது போலத் தெரிந்து மறுபடி வரும். பேய் பிடித்த மாதிரி இருக்கும், காரணம் இவ்வளவுதான். எப்போதும் தசமமாகவே அனுப்புங்கள்.

டேட்டாபேஸையே ராஸ்பெர்ரி பையில் ஓட்ட நினைப்பவர்களுக்கு: 2.x-க்கு 64-பிட் ஓஎஸ் கட்டாயம், 32-பிட்டில் இமேஜே (கன்டெய்னருக்கான மூலப்பொதி) இறங்காது. எழுதும் கேஷின் இயல்பான உச்சவரம்பு 1 ஜிபி. கன்டெய்னருக்கு 512 எம்பி மட்டும் கொடுத்தால் ஒரு நாள் ரேம் போதாமல் 137 என்ற எண்ணோடு செத்துக் கிடக்கும். கேஷ் வரம்பையும் 128 எம்பிக்கு இறக்குங்கள். மெமரி கார்டில் ஓட்டாதீர்கள்.

குறை என்று பார்த்தால் பெரிய குறை வெளியே இருக்கிறது: பதிப்புக்குப் பதிப்பு கேள்வி கேட்கும் மொழி மாறுகிறது. 1.x-க்கு இன்ஃப்ளக்ஸ்கியூஎல், 2.x-க்கு ஃபிளக்ஸ், 2025-இல் வந்த 3 கோருக்கு எஸ்கியூஎல். 3-இல் ஃபிளக்ஸ் ஓடாது. மேலே சொன்ன நாள் கணக்கு வித்தை அத்தனையும் அங்கே திரும்ப எழுத வேண்டும். இலவச 3 கோர் இயல்பாக ஒரு வினவலில் சுமார் 72 மணி நேரத் தரவுக்கு மேல் தொடாது; மாதக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு அது ஆகாது. இமேஜின் லேட்டஸ்ட் என்ற டேக்கை (பதிப்பு அடையாளத்தை) 3 கோருக்கு மாற்றப்போவதாக நிறுவனமே அறிவித்தது. இமேஜ் பெயரில் 2.7 என்று கட்டிப்போடச் சொல்வது இதனால்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் விக்டோரியாமெட்ரிக்ஸ் என்ற டேட்டாபேஸையும் ஒரு பார்வை பார்க்கலாம். டெலிகிராஃப் அனுப்பும் அதே வடிவத்தை 8428 போர்ட்டில் வாங்கிக்கொள்ளும், ரேமும் குறைவாகத் தின்னும். அதன் ரிட்டென்ஷன் இயல்பாக 1 மாதம்தான், மாற்ற மறந்தால் ஆனி மாதக் கணக்கு ஆவணியில் இருக்காது.

பேக்கப்புக்கு வால்யூமை ஓடும்போதே நகலெடுக்க வேண்டாம். இன்ஃப்ளக்ஸ் பேக்கப் கட்டளையை தினமும் தானாக ஓடும்படி கிரானில் வையுங்கள், நகல் வேறு கட்டடத்தில் மாடியில் இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 மழை வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு மாடி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. மீட்டுப் பார்க்கும்போது அதே பெயரில் பக்கெட் இருந்தால் மறுத்துவிடும். நியூ பக்கெட் என்று வேறு பெயர் கொடுத்து மீட்டு, பழையதிலும் புதியதிலும் போன வாரத்து யூனிட்டை நாள்வாரியாக ஒத்துப் பாருங்கள்.