செட்டிநாட்டில் திகில் பட டைட்டில்: வளவிலா, மேசையிலா, பழைய படங்களிலா?

திகில் படத்துக்கு ஒன்றரை நிமிட டைட்டில் எடுத்து வா என்று சொன்னதும் காரைக்குடிப் பக்கத்து விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் முதலில் தேடுவது ஒரு சாவியை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் சாவி. வீடு கிடைத்துவிட்டால் பயம் தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அப்படி வருவதில்லை.

மாணவர் பட்ஜெட்டுக்குள் மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டுக்குள் போய் ஷாட் எடுத்து அதன்மேல் எழுத்தை எடிட்டில் ஏற்றுவது ஒன்று. ஒரு மேசைமேல் சின்னச் சின்னப் பொருள்களை நெருக்கத்தில் எடுத்து, எழுத்தையே கேமரா முன்னால் உருவாக்குவது இன்னொன்று. பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து கணினியில் அசைப்பது மூன்றாவது. எங்கள் ஓட்டு மேசைக்கு. வளவில், அதாவது முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் உள்ள உள்பகுதியில், நாலைந்து ஷாட் எடுத்து அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

வளவு

இந்த வீடுகளின் முதல் தொல்லை அவற்றின் அழகு. கூட்டுக் குடும்பக் கதைகளுக்கும் கல்யாணக் காட்சிகளுக்கும் தமிழ் சினிமா இந்த வீடுகளை எத்தனையோ முறை காட்டிவிட்டது. பர்மா தேக்குத் தூண் வரிசையை அகலமாகக் காட்டினால் பார்ப்பவர் காது நாதஸ்வரத்துக்குக் காத்திருக்கும். அகல ஷாட் நிறைந்த திகில் டைட்டில் கல்யாண ஆல்பம் மாதிரிதான் இருக்கும். இங்கே பயத்துக்கு உதவுவது துண்டு துண்டான பார்வை: சாவித் துவாரம், பாதி விலகிய தாழ்ப்பாள், தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இருட்டு.

இரண்டாவது தொல்லை வெளிச்சம். வெளியிலிருந்து இருட்டாகத் தெரியும் வீடு உள்ளே அப்படி இருக்காது. முற்றத்தின் வழியாக வானம் கொட்டுகிறது. பட்டாசாலை என்னும் கூடத்தின் இருளையும் முற்றத்து வானத்தையும் ஒரே ஃபிரேமில் போன் கேமரா தாங்காது. ஒன்று வானம் வெளுக்கும், இல்லை நிழல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குருணையாகும். வெயில் முற்றத்தை விட்டு ஏறிய பிறகு, மாலை நாலரைக்கு மேல் எடுங்கள். பகலை இரவாகக் காட்ட வேண்டுமென்றால் வானம் ஃபிரேமுக்குள் வரக்கூடாது. எக்ஸ்போஷரை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைத்து, வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் பூட்டினால் நீலம் ஏறி இரவுச் சாயல் வந்துவிடும்.

மூன்றாவது பளபளப்பு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி, மூன்றும் டார்ச்சையும் டிரைபாடையும் பின்னால் நிற்கும் நண்பனின் வெள்ளைச் சட்டையையும் திருப்பிக் காட்டும். எல்லோரும் கறுப்புச் சட்டையில் வருவது பாதி மருந்து. போலரைசர் ஃபில்டர் தரையின் மினுக்கையும் சுவரின் மினுக்கையும் நன்றாக அடக்கும். கண்ணாடியிடம் அதன் பாச்சா பலிக்காது, அங்கே கோணத்தை மாற்றுவதுதான் வழி.

புகை வேண்டுமென்றால் சாம்பிராணி போதும், மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஆனால் வளவில் போட்டால் புகை நேராக முற்றத்து வழியே மேலே போய்விடும். வளவுக்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டில் கதவு சாத்தக்கூடிய அறையைப் பிடியுங்கள். விளக்கைப் புகைக்குப் பின்னால் வையுங்கள். முன்னாலிருந்து அடித்தால் புகை வெறும் மங்கலாகத்தான் விழும். கரி வைத்த தூபக்காலை மணல் நிரப்பிய தட்டில் வைத்தால்தான் தரைக்குப் பத்திரம். சுவரில் டேப் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும்.

அனுமதிதான் பெரிய செலவு. பணத்தைவிட அலைச்சல் செலவு. ஒரு வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பல பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவாக இருக்கும். வாட்ச்மேன் கையில் முகப்புச் சாவி இருக்கலாம், வளவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு பங்காளிக்கு உரியது. ஒருவர் சரி என்றதை வைத்து இன்னொருவர் அறைக் கதவை ஃபிரேமின் நடுவில் வைத்தால் பிறகு வம்பு வரும். யார் யாருக்கு எந்த அறை என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படைப்பு நடக்கும் இடத்தையும் அதற்கான பேழையையும் பேய்ப் பொருளாக்காதீர்கள். அது அவர்கள் முன்னோரைக் கும்பிடும் இடம்.

மேசை

ஒரு மேசை, ஒரு விளக்கு, இருட்டக்கூடிய ஓர் அறை. அனுமதி அம்மாவிடம் மட்டும் வாங்கினால் போதும். காற்று, மயில், வெயில் எதுவும் ஷாட்டைக் கெடுக்காது. ஒரு ஷாட் சரியில்லையென்றால் மறுநாள் அதே ஒளியில் திரும்ப எடுக்கலாம். வளவில் அதைச் செய்யவே முடியாது.

கேமராவில் 50 மி.மீ. லென்ஸும் அதற்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் வளையங்களும் இருந்தால், மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் தேவையில்லை. வளையங்கள் பெரும்பாலும் 12, 20, 36 மி.மீ. என்று மூன்றாகக் கிடைக்கும். மொத்தம் 50 மி.மீ. அளவுக்குச் சேர்த்தால் பொருள் சென்சாரில் நிஜ அளவிலேயே விழும். அதற்கு விலையாக இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும். லென்ஸ் துவாரத்தை எஃப்/8 வரை சுருக்கினாலும் ஃபோகஸ் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள், பொருளை நகர்த்துங்கள். பழைய மேசை டிராயரின் சேனல்மேல் ஒரு பலகையைப் பொருத்தினால் அதுவே சிலைடர். போன்தான் இருக்கிறதென்றால் கிளிப் மேக்ரோ லென்ஸ் போதும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் கட்டாயம் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஷாட் நடுவே போன் ஃபோகஸைத் தேடி மூச்சுவிடுவது தெரியும்.

எல்.இ.டி. பல்பின் நடுக்கம் தனித் தலைவலி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 30 ஃபிரேமில், 1/60 ஷட்டரில் எடுத்தால் மலிவான பல்ப் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். 24 ஃபிரேம்தான் வேண்டும் என்பவர்களும் ஷட்டரை 1/50லேயே வைக்கலாம். ஐபோனில் 25 ஃபிரேம் கண்ணில் படவில்லையென்றால் கேமரா செட்டிங்ஸில் PAL ஃபார்மட்டை ஆன் செய்ய வேண்டும்.

மேசைமேல் வைக்கப் பொருளுக்குப் பஞ்சமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் துருப்பிடித்த பூட்டு, கை ஒடிந்த மரப்பாச்சி, எனாமல் உரிந்த தூக்குச்சட்டி எல்லாம் கிடைக்கும். ஐந்து பொருளுக்கு மேல் வாங்காதீர்கள். ஒரே பூட்டை ஆறு கோணத்தில் காட்டினால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வளரும். ஆறு பொருளை ஒரே கோணத்தில் காட்டினால் கடை விளம்பரம்.

இனி எழுத்து. படத்தின் பெயர் கேமரா முன்னாலேயே சிவக்க வேண்டுமென்றால் ஆரத்தித் தட்டின் வேதியியல் போதும்: மஞ்சள் சுண்ணாம்பைத் தொட்டால் சிவக்கும். மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது. இரண்டு தேக்கரண்டித் தூளை அரை டம்ளர் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி, துணியில் வடிகட்டி, கெட்டியான வெள்ளை அட்டையில் பூசிக் காயவிடுங்கள். மஞ்சள் நிறம் வரும். ஸ்பிரிட் தீப்பற்றும், அகல் விளக்கைப் பக்கத்தில் வைக்க வேண்டாம். காய்ந்த அட்டையில் வெள்ளை மெழுகுவத்தியால் அழுத்தித் தலைப்பை எழுதுங்கள். விளக்கு எதிரே இல்லாதவரை எழுத்து கேமராவுக்குத் தெரியாது. வெற்றிலைச் சுண்ணாம்பை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் ஸ்பிரே பாட்டிலில் எடுத்து, ஃபிரேமுக்கு வெளியிலிருந்து தெளியுங்கள். துளி விழுந்த இடமெல்லாம் செந்நிறப் புள்ளியாகி, புள்ளிகள் ஒன்றோடொன்று கூடி, மெழுகு தொட்ட கோடுகள் மட்டும் மஞ்சளாகவே மிஞ்சும். யார் கையும் படாமல் பெயர் வெளியே வரும்.

இதில் சொதப்பும் இடங்கள் மூன்று. மெல்லிய தாள் நனைந்து சுருளும். தெளியாத சுண்ணாம்பு வெள்ளைத் திட்டாகப் படியும். சிவப்பும் நிலைக்காது, நேரம் போகப் போகப் பழுப்பேறும். ஆகவே அட்டைக்கு ஒரு டேக்தான். ஆறு அட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டால் ஆபத்து, தெளிப்பவர் கண்ணாடி போட வேண்டும். இதை ஆத்தங்குடித் தரைமேல் செய்யவே கூடாது. அது சிமென்ட் கல், கறையை உறிஞ்சிவிடும்.

பழைய படங்கள்

செலவு குறைவு, வேகம் அதிகம். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, ஆளை ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் தனியே வெட்டி, பின்னணியின் ஓட்டையை நிரப்பி, இரண்டு அடுக்கையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தினால் ஆழம் வரும். நான்கு விநாடிக்கு நாலைந்து சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கினால் வெட்டிய விளிம்பு காட்டிக்கொடுக்கும். சிக்கல் வேறிடத்தில். கடையில் வாங்கிய படத்தில் இருப்பவர் யாரோ ஒருவரின் ஆச்சி. எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஊர் இது, அவர் கண்ணைக் கறுப்பாக்கிப் பேயாக்கினால் அடையாளம் தெரிந்துவிடும். நண்பர்களுக்குக் கண்டாங்கி கட்டிவிட்டுப் புதிதாக எடுத்து, மேட் தாளில் பிரின்ட் போட்டு, தேநீரில் நனைத்து மங்கவையுங்கள். அப்புறம் அந்தப் பிரின்ட்டையும் மேசைமேல் வைத்தே எடுக்கலாமே.

பெயர்கள்: கையிலா, கணினியிலா?

படத் தலைப்பைக் கையால் செய்யுங்கள், ஆள் பெயர்களைக் கணினியில் போடுங்கள். ஒரு இனிஷியல் தப்பானால் அட்டை, மெழுகு என்று மறுபடி உட்கார யாராலும் முடியாது.

கணினியில் தமிழ் எழுத்து உடைவது தெரிந்த கதை. கொம்பு தனியே நிற்கும், கால் விலகி நிற்கும். பிரீமியர் என்ற எடிட் மென்பொருளில் டெக்ஸ்ட் என்ஜினைத் தெற்காசிய எழுத்துகளுக்கானதாக மாற்றினால் சரியாகும். எந்த மென்பொருளில் உடைந்தாலும் சண்டை போடாமல் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பெயரைத் தட்டி, பின்னணி இல்லாத பி.என்.ஜி.யாக எடுத்து டைம்லைனில் வையுங்கள். எழுத்தெழுத்தாகத் தோன்றும் அனிமேஷனை ஆங்கில டெம்ப்ளேட்டில் அப்படியே போட்டால் ‘கொ’ துண்டு துண்டாக வரும். பெயரை முழுசாகவே மங்கலிலிருந்து வரவிடுங்கள்.

ஃபான்ட்டில் ரத்தம் சொட்டும் ரகத்தை விட்டுவிடலாம். நோட்டோ செரிஃப் தமிழ், கவிவனார் போன்ற இலவச ஃபான்ட்டுகளே போதும். சிதைந்த டெக்ஸ்சர் ஏற்றும்போது மெய்யெழுத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், கீறல் முதலில் தின்பது அதைத்தான். கண்ணன் ‘கணணன’ ஆகிவிடுவார்.

ஒவ்வொரு பெயரும் மூன்று விநாடியாவது நிற்க வேண்டும், இரண்டுக்குக் கீழே போனால் படிக்க முடியாது. பத்துப் பெயருக்கு முப்பது விநாடி; மிச்சம் அறுபது விநாடி படத்துக்கு. எழுத்து உட்காரும் வெற்றிடத்தை ஷாட் எடுக்கும்போதே விடுங்கள். எடிட்டில் இடம் தேடினால் எழுத்து பூட்டின்மேல்தான் உட்காரும்.

எடிட், ஒலி

கணினி இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. வாட்டர்மார்க் இல்லை, நிறமும் வெளிச்சமும் திருத்தும் கிரேடிங் அதிலேயே உண்டு. சுமாரான லேப்டாப் திணறினால் பிராக்ஸி, அதாவது எடை குறைந்த நகல், உருவாக்கிக்கொள்ளுங்கள். போன் மட்டும்தான் என்றால் கைன்மாஸ்டர், இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் விழும். போன் வீடியோவின் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், ஒலி விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 25க்கு மாற்றிவிட்டு எடிட்டில் ஏற்றுங்கள். பளிச் பளிச்சென்று மின்னும் வெட்டுகள் விநாடிக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

ஒலியில் மட்டும் வளவு மேசையை அடித்துவிடும். தேக்குக் கதவின் முனகல், ஊஞ்சல் சங்கிலி, பெரிய சாவி திரும்பும் சத்தம், இவை எந்த ஒலி நூலகத்திலும் இவ்வளவு கனமாகக் கிடைக்காது. நாலைந்து ஷாட்டுக்காக அனுமதி வாங்கும் நாளிலேயே இதையும் பதிந்துவிடுங்கள். போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்து, வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். கதவு முனகலைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே போகும். அது கதவென்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாரும் பேசாமல் வளவின் வெறும் ஒலியை முப்பது விநாடி தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். மேசை ஷாட்டுகளின் அடியில் அதைப் போட்டால் பூட்டும் மரப்பாச்சியும் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றும்.

கிரேடிங்கில் எல்லோரும் இருட்டை அளவுக்கு மீறி இறக்குவார்கள். வகுப்பறைப் புரொஜெக்டரில், ஜன்னல் வெளிச்சத்தில் அது வெறும் சாம்பல் திரை. போன் பிரைட்னஸைப் பாதியாக வைத்துப் பாருங்கள். பூட்டின் விளிம்பு தெரியாவிட்டால் நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள். இருட்டில் பட்டை பட்டையாகப் படிந்தால் மேலே லேசாகக் குருணை தூவுங்கள். புரொஜெக்டருக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று இரண்டு கோப்பாகவே எடுத்து வைப்பது நல்லது.