சட்டத்தைச் சொல்லி ஏர் ரைஃபிள் விற்கும் கடை

மகளின் துப்பாக்கி சுடும் பயிற்சிக்காக புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) வாங்கினோம். 4.5 மி.மீ. குழல், ஆற்றல் 20 ஜூலுக்குள், அதனால் லைசென்ஸ் தேவையில்லை. முதலில் போன கடையில் 'ஊசுட்டேரிப் பக்கம் கொக்கு அடிக்கலாம்' என்று சொல்லியே விற்கப் பார்த்தார்கள். வயிறு எரிந்தது. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் உள்ளே நுழையவே கூடாது. தேசியப் பூங்காக்களுக்கும் இதே விதிதான். கண்ணியும் வலையும்கூட அந்தச் சட்டத்தில் ஆயுதம். ஏர்கன் மட்டும் தப்புமா? நாங்கள் வாங்கிய கடைக்காரரோ, நாங்கள் கேட்காமலேயே இதையெல்லாம் சொன்னார். மகளிடமும், "இலக்கு அட்டையைத் தவிர எதையும் சுடக்கூடாது பாப்பா" என்றார். பெல்லட் (இதில் போடும் ஈயக் குண்டு) விலை கொஞ்சம் அதிகம். அப்புறம், பை தனியாக வாங்க வேண்டும். இருந்தாலும் அங்கேயே போங்கள்.