மாதிரியாக வந்தது ஒன்று, பெட்டியில் வந்தது வேறு: டயாப்பர் மொத்தமாக வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு டயாப்பர் மொத்தமாக வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் என் அம்மாவின் தோல் வெந்து புண்ணாகிப் போனது. அதற்கு அவருடைய வயதையோ நோயையோ நான் காரணம் சொல்ல மாட்டேன். இணையத்தில் விற்கும் ஒருவர், நல்ல சரக்கை முதலில் கொடுத்து நம்ப வைத்துவிட்டு, அதே உறையில் மட்டமான சரக்கை அடைத்து எங்கள் தலையில் கட்டினார்.

முதலில் மாதிரிக்குச் சிறிய பொட்டலம்தான் வாங்கினோம். இரவு கட்டிவிட்டால் காலை வரை தாங்கியது. அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினார். அந்த நம்பிக்கையில் பெரிய பெட்டிகளாக வரவழைத்தோம். உறை, படம், எழுத்து எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் முதல் இரவே படுக்கை விரிப்பு நனைந்துவிட்டது. தொலைபேசியில் கேட்டதற்கு, "நீங்கள் சரியாகக் கட்டியிருக்க மாட்டீர்கள் மேடம், ஒரு அளவு பெரியதாகப் போட்டுப் பாருங்கள்" என்றார் விற்றவர். பெரிய அளவைக் கட்டியதில் தொடையிடுக்கில் இடைவெளி கூடி, ஒழுக்கு இன்னும் அதிகமானதுதான் மிச்சம். அடுத்த சில நாட்களில் இடுப்பைச் சுற்றித் தோல் சிவந்து, பிறகு உரியத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியர்தான் விஷயத்தைப் பிடித்தார். "இது படுக்கைப்புண் இல்லை. படுக்கைப்புண் எலும்பு துருத்தி நிற்கும் இடத்தில் வரும். இது ஈரம் நின்ற இடமெல்லாம் பரவியிருக்கிறது. முதலில் இந்த டயாப்பரை நிறுத்துங்கள்" என்றார். பிறகு அவரே விளக்கிச் சொன்னார். நம் தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது. சிறுநீர் தோலிலேயே தங்கினால், அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அமிலத்தன்மை போய்க் காரத்தன்மை கூடுகிறது. அந்த நிலையில் மலத்தில் உள்ள நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கின்றன. ஊறிப்போன தோல் விரிப்பில் உரசினாலே கிழிந்துவிடும். ஆகவே டயாப்பர் எவ்வளவு குடிக்கிறது என்பதைவிட, குடித்ததை எவ்வளவு விரைவாகத் தோலிடமிருந்து விலக்குகிறது, மேலே உடம்பு அழுத்தும்போதும் அதைத் திரும்பக் கக்காமல் வைத்திருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

மாதிரிப் பொட்டலத்தில் ஒன்றிரண்டு மீதம் இருந்தன. அவற்றையும் பெட்டியில் வந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கத்தரியால் வெட்டிப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

நல்ல டயாப்பரின் நடுப்பகுதியில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று, மரக்கூழிலிருந்து வரும் வெள்ளைப் பஞ்சு. மற்றொன்று, சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பாலிமர் மணிகள். பஞ்சு ஈரத்தை இழுத்துப் பரப்பும், ஆனால் பிழிந்தால் விட்டுவிடும். பாலிமர் மணிதான் நீரை ஜெல்லாக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதிரியின் நடுப்பகுதியைப் பிய்த்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் குலுக்கியபோது, சர்க்கரையைப் போல மணிமணியாக அடியில் நன்றாகவே சேர்ந்தது. பெட்டியில் வந்ததைக் குலுக்கினால் ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. அதுவும் ஒரே முனையில் கட்டியாக ஒட்டிக்கிடந்தது. பஞ்சும் நீள நார் கொண்ட வெள்ளைப் பஞ்சாக இல்லை. சாம்பல் நிறத்தில், தொட்டால் தூள் பறக்கும் காகிதக் கழிவு. அதில் அச்சு மை படிந்த துணுக்கைக்கூட என் விரலால் எடுத்தேன். அதைத்தான் என் அம்மாவின் உடம்பில் கட்டியிருந்தோம் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

தராசில் வைத்தால் இந்த மட்டமான சரக்குதான் கனமாக இருந்தது. கையில் எடுத்தால் தடிமனாகவும் இருந்தது. பலரும் ஏமாறுவது இங்கேதான். தடிமனாக இருந்தால் நிறைய உறிஞ்சும் என்று நினைக்கிறோம். பாலிமர் கூடக்கூட டயாப்பர் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. வெறும் காகிதக்கூழை அடைத்தால் எவ்வளவு தடிமனாகவும் செய்துவிடலாம்.

அடுத்தது, மேல்துணிக்குக் கீழே தெரியும் பச்சைப் பட்டை. அது அழகுக்கு இருப்பதில்லை. வேகமாக வரும் சிறுநீரை உடனே உள்வாங்கி, நீளவாக்கில் பரப்பி, கீழே இருக்கும் மணிகளுக்கு நிதானமாகக் கொடுப்பது அந்தப் பட்டையின் வேலை. அதனால் அது பொசுபொசுவென்று உப்பலாக, இடைவெளிகள் நிறைந்ததாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் சாயம் ஏற்றிய மெல்லிய தாள் ஒன்றை அதே நிறத்தில் ஒட்டியிருந்தார்கள். பார்க்கிற கண்ணுக்குப் பச்சை தெரிந்தால் போதும் என்று நினைத்துச் செய்த வேலை அது. இதைச் செய்தவர்களுக்கு அந்தப் பட்டை எதற்கு இருக்கிறது என்று நன்றாகத் தெரியும், தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

தொடையை ஒட்டி நிற்கும் மடிப்புகளிலும் இதே கதை. ஒழுகாமல் தடுக்கும் அந்தக் கரை, நீர் ஒட்டாத துணியால் ஆனதாக இருக்க வேண்டும். மாதிரியின் மடிப்பில் ஒரு சொட்டு நீர் விட்டேன்; முத்தாக உருண்டு நின்றது. பெட்டியில் வந்ததில் விட்டேன். விட்ட நொடியில் உள்ளே இறங்கி மறுபுறம் கசிந்தது. நடுவில் விரிக்கும் துணியையே கரைக்கும் மடித்துத் தைத்துவிட்டார்கள். எலாஸ்டிக் நூலோ பெயரளவுக்கு ஒன்று ஓடியது.

வெளித்தாளையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வகைகளில் பாலித்தீனோடு கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து, இழுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்குவார்கள். நீராவி வெளியேறும், நீர் வெளியேறாது. சுடுநீர் உள்ள டம்ளரின் வாயை அந்தத் தாளால் மூடி, அதன்மேல் குளிர்ந்த கண்ணாடி ஒன்றைக் கவிழ்த்தால், கண்ணாடியில் ஆவி படியும். பெட்டிச் சரக்கில் கண்ணாடி உலர்ந்தே இருந்தது. சாதாரண பிளாஸ்டிக் பை. அதற்குள் அம்மாவின் உடம்பு இரவெல்லாம் வியர்த்துப் புழுங்கியிருக்கிறது.

இனி விளம்பரக் காணொளியைப் பற்றி. நீல நிறத் தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றி, கையால் தடவி, "பாருங்கள், துளி ஈரம் இல்லை" என்று காட்டுவார்கள். அது வெறும் தண்ணீர். உப்பில்லாத தூய நீர் என்றால் இந்தப் பாலிமர் தன் எடையைப் போல 300 மடங்குக்கு மேல்கூடக் குடிக்கும். சிறுநீரில் உப்புகள் இருக்கின்றன. உப்பு இருந்தால் மணிகள் அந்த அளவு வீங்காது. அதே பாலிமர் அப்போது 30 முதல் 50 மடங்கு வரைதான் உறிஞ்சும். உடம்பின் எடை அழுத்தும்போது இன்னும் குறையும். ஆகவே தண்ணீர் ஊற்றிக் காட்டும் எந்தக் காணொளியையும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உறையில் அச்சிடும் மில்லிலிட்டர் கணக்கும் அப்படித்தான். 1996ஆம் ஆண்டு வந்த ஐஎஸ்ஓ 11948-1 என்ற சர்வதேசச் சோதனை முறையில், டயாப்பரை முழுதாக உப்புநீரில் மூழ்கவைத்து, எடுத்து வடியவிட்டு, எடை பார்ப்பார்கள். ஒரு வகையை மற்றொன்றோடு ஒப்பிட அது உதவும். மனிதர் படுத்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் திடீரென்று வந்து விழும் சிறுநீரை அது எப்படித் தாங்கும் என்பதை அந்த எண் சொல்லாது. அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே ஒழுகத் தொடங்கிவிடும். எந்த முறையில் அளந்தது என்றே சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் போட்டிருந்தால், அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

இதையெல்லாம் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். உறை பிரித்த சுகாதாரப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. பிரிக்காத பெட்டிகளைக் கேட்டால், "திருப்பி அனுப்பும் கெடு கடந்துவிட்டது" என்றார்கள். பிரித்தால்தான் மோசடி தெரியும். பிரித்துவிட்டால் பணம் கிடையாது. இந்த விதி வாங்குகிறவரின் சுகாதாரத்துக்காக வந்தது. அதையே கேடயமாக்கிக்கொண்டு தைரியமாகக் கலப்படம் செய்கிறார்கள். நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுத்திருக்கிறேன். மாதிரியையும் பெட்டிச் சரக்கையும் தனித்தனியாகச் சீலிட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்த அன்றே ஒன்றை எடுத்து விரித்து, நடுவில் ஒரு டம்ளர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உள்ளே போகிறது என்று பாருங்கள். சற்றுப் பொறுத்து அதே இடத்தில் மறுபடி ஊற்றுங்கள், பிறகு மூன்றாம் முறை. முதல் முறை எல்லாமே நன்றாகத்தான் உறிஞ்சும். மட்டமான சரக்கில் இரண்டாவது, மூன்றாவது முறை நீர் மேலேயே தேங்கி நிற்கும், அல்லது ஓரத்துக்கு ஓடும். கடைசியில் உலர்ந்த டிஷ்யூ தாளை மேலே வைத்து, கனமான புத்தகம் ஒன்றால் அழுத்தி எடுங்கள். தாள் சொதசொதவென்று நனைந்தால் அதை யாருக்கும் கட்டாதீர்கள்.

பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள். தயாரிப்பு எண்ணும் தேதியும் படத்தில் தெளிவாக விழட்டும். உறையே இல்லாமல் கட்டுக்கட்டாக விற்பதையும், மூக்கைத் துளைக்கும் வாசனை போட்டதையும் தொடவே வேண்டாம். மாதிரி நன்றாக இருந்தால் அதிலிருந்து ஒன்றைப் பயன்படுத்தாமல் எடுத்து வையுங்கள். பெட்டி வந்தவுடன் இரண்டையும் வெட்டி ஒப்பிட, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.