டாக்டிக்கல் டோமஹாக் வாங்கும் முன்: 200 கிராம் எங்கே போனது?

டோமஹாக் என்றதும் பலருக்கு ஏவுகணைதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அதற்குப் பெயர் கொடுத்த கைக்கோடாரியை. அமெரிக்கப் பழங்குடியினரின் ஆயுதம். இன்றைக்கு அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, பின்பக்கம் ஒரு கூர்முனை வைத்து, "டாக்டிக்கல்" என்று பெயரிட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். அப்படி ஒன்றை 60 டாலர் கொடுத்து வாங்கி நான் ஏமாந்தேன். பணம் போனதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மார்ச் கடைசியில் நான்கு குடும்பமாக ஓக்லஹோமாவில் புரோக்கன் போ பக்கம் கேம்ப்பிங் போயிருந்தோம். டாலஸிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். வழியில் கேஸ் ஸ்டேஷனில் ஓக் விறகுக் கட்டு இரண்டு வாங்கிக்கொண்டோம். சாயங்காலம் அடுப்பு மூட்டச் சின்னச் சுள்ளி வேண்டியிருந்தது. அக்டோபரில் வாங்கி உறையோடு கராஜில் தொங்கவிட்டிருந்த டோமஹாக்கைப் பெருமையாக வெளியே எடுத்தேன். மூன்று வெட்டு நன்றாக விழுந்தது. நான்காவதில் கை திடீரென்று லேசானது. பிடி மட்டும் என்னிடம் இருந்தது. தலையைக் காணோம். நண்பரின் ஒன்பது வயதுப் பையன் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி, கூர்முனை மண்ணில் இறங்கி நட்டுக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பையனின் அம்மா எழுந்து வந்து, என்னைப் பார்க்காமலே, அவனைத் தூக்கிக்கொண்டு டென்ட்டுக்குள் போய்விட்டார்.

என் பக்கமும் தப்பு உண்டு. டோமஹாக் விறகு பிளக்கிற சாமான் இல்லை. தலை லேசு, வாய் மெலிசு. பருமனான கட்டையைப் பிளக்க அதற்கென்று கோடாரி இருக்கிறது. ஆனால் நான் வெட்டியது என் மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத துண்டு. விளம்பரப் படத்திலோ இதை வைத்து ஒருவர் கார் கதவைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

விளம்பரத்தில் வியட்நாம் பேச்சு வேறு. "வியட்நாம் போரில் நிரூபிக்கப்பட்ட வடிவம்" என்று போட்டிருந்தார்கள். அதில் பாதி உண்மைதான். பீட்டர் லகானா என்பவர் 1960களின் பிற்பகுதியில் ஏறக்குறைய 4,000 டோமஹாக் செய்து விற்றார். வியட்நாமுக்குப் போன சிப்பாய்கள் பலர் சொந்தக் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆனால் அவர் செய்தது காய்ச்சி அடித்த இரும்புத் தலையும் மரக் காம்பும். எனக்கு வந்த சாமானுக்கும் அதற்கும் இருந்த ஒரே உறவு வெளிக்கோடு. அந்த வெளிக்கோட்டை அட்டையில்கூட வெட்டலாம்.

உடைந்த தலையை டார்ச் வெளிச்சத்தில் முதலில் பார்த்தவர், கூட வந்திருந்த திருச்சிக்கார அண்ணன். ஊரில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பல வருஷம் இருந்தவர்.

"தம்பி, இது இன்னிக்கு உடைஞ்சதில்லை" என்றார்.

"இப்பத்தானே அண்ணே உடைஞ்சது, நீங்களும் பார்த்தீங்களே?"

"மிச்சம் இருந்தது இப்ப உடைஞ்சுது. இங்க பாரு."

காட்டினார். உடைந்த முகத்தில் பெரும்பகுதி புதுச் சாம்பல் நிறத்தில், ரவையைக் கொட்டியதுபோல் சொரசொரப்பாக மினுங்கியது. ஒரு மூலையில் மட்டும், நகக்கண் வடிவத்தில் ஒரு பகுதி கருகிப்போயிருந்தது. அதன் விளிம்பில் மேல்பூச்சின் கறுப்புப் பெயின்ட் உள்ளே கசிந்து இறங்கியிருந்தது. பெயின்ட் உள்ளே போயிருக்கிறது என்றால், பெயின்ட் அடிக்கும்போதே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. கருகலைப் பார்த்தால் தோய்ச்சல் போட்டபோதே விட்ட விரிசல் என்றார் அண்ணன். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ முக்கும்போது அது ஒரே சீராகச் சுருங்காது. எங்கே கூர்மையான உள்மூலை இருக்கிறதோ அங்கே இழுவிசை வந்து குவியும். இதில் தலைக்கு நேர் கீழே, போல்ட் போகிற இடத்தில் சதுரமாக ஒரு துளை வெட்டியிருந்தார்கள். நாலு மூலையும் கத்தி மாதிரி. விரிசல் கிளம்பியது அதில் ஒரு மூலையிலிருந்துதான்.

வீட்டுக்கு வந்து பிடியைக் கழற்றினேன். "ஃபுல் டேங்" என்று வாங்கியது. அதாவது தலையும் பிடிக்குள் ஓடும் இரும்பும் ஒரே துண்டு, கடைசிவரை போகும் என்பது பேச்சு. மேலே மூன்று போல்ட் தெரியும். முதல் இரண்டைக் கழற்றினேன். மூன்றாவது சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. நெம்பிப் பார்த்தால் அது போல்ட்டே இல்லை, பிளாஸ்டிக்கில் ஒட்டிய ஒரு தலை. இரும்பு இரண்டாவது போல்ட்டோடு நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே பாதிப் பிடி வெறும் நைலான் கூடு. அந்தப் பொய்ப் போல்ட்டைச் செய்தவன் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். இரும்பை மிச்சம் பிடிப்பது பேராசை, புரிகிறது. இல்லாத இரும்பைப் பிடித்திருப்பதுபோல் ஒரு போல்ட்டை உட்கார்ந்து வடிவமைப்பது வேறு ஜாதி வேலை.

இதில் எரிச்சல் என்னவென்றால், இந்தப் பொய்யை வாங்கும் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். அளவுகளை அவர்களே பக்கத்தில் போட்டிருந்தார்கள். நீளம் 16 அங்குலம், கனம் 5 மி.மீ., மொத்த எடை 1.1 பவுண்டு, அதாவது 500 கிராம். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு ஏறக்குறைய 7.85 கிராம். தலை, வாயிலிருந்து முனைவரை 18 செ.மீ., சராசரி அகலம் 5 செ.மீ. என்று வைத்தால் 45 கன செ.மீ., சுமார் 350 கிராம். சாணை பிடித்ததற்கும் துளைகளுக்கும் தாராளமாகக் கழித்தால் 300. பிடிக்குள் ஓட வேண்டிய இரும்பு 33 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம்: அது 320 கிராம், துளை போக 300 என்று வையுங்கள். மேலே மூடிய நைலானுக்கு 100. ஆக, சொன்னது உண்மையாக இருந்தால் 700 கிராம் வந்திருக்க வேண்டும். 200 கிராம் எங்கே போனது? பிடிக்குள் இல்லாத இரும்புதான் அது. பத்தாம் வகுப்புக் கணக்கு. நான் அப்போது தள்ளுபடிக் கூப்பன் தேடிக்கொண்டிருந்தேன்.

இரும்பின் பெயரிலும் கவனம் வேண்டும். ஒரு வரியில் "ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்", இன்னொரு வரியில் "440 ஸ்டீல்" என்று இருந்தது. 440 என்பதில் ஏ, பி, சி என மூன்று உண்டு. ஏ-வில் கார்பன் 0.60 சதவீதத்திலிருந்து 0.75 வரை, சி-யில் 0.95-லிருந்து 1.20 வரை. எழுத்தைப் போடாமல் எண்ணை மட்டும் போடுகிறவனிடம் எழுத்தைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், வெட்டி மோதுகிற சாமானுக்கு ஸ்டெயின்லெஸ்தான் உயர்வு என்ற எண்ணத்தை விடுவது. துரு பிடிக்காதது வேறு, அடி தாங்குவது வேறு. பேர் சொல்லும் கம்பெனிகள் டோமஹாக்குக்குப் பெரும்பாலும் எடுப்பது 1055, 5160, 4140, 80சிஆர்வி2 மாதிரியான இரும்பு. எல்லாமே துரு பிடிக்கும், எண்ணெய் போட்டு வைக்க வேண்டும். 5160 ஸ்பிரிங் ஸ்டீல். நம்மூர்ப் பட்டறையில் லாரிப் பட்டையை வெட்டி அரிவாள் அடிக்கிறார்களே, அதே இனம்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தால் பெயின்ட்டை நம்பாதீர்கள். கறுப்புப் பூச்சு நிறைய மறைக்கும். துளைகளின் உள்மூலைகளை விரலால் தடவுங்கள். வளைவாக இருந்தால் செய்தவனுக்கு வேலை தெரியும். தலையின் விளிம்பில் நெடுக ஒரு மெல்லிய தையல் கோடு ஓடினால் அது அச்சில் வந்த சாமான். காய்ச்சி அச்சில் வைத்து அடித்ததிலும் அந்தக் கோடு வரும், உருக்கி ஊற்றியதிலும் வரும். எது என்று கேளுங்கள். கோட்டோடு பொடிப்பொடிக் குழிகளும் தெரிந்தால் உருக்கி ஊற்றியதாகத்தான் இருக்கும். கேட்கவே வேண்டாம், வைத்துவிடுங்கள். ஒரு காந்தம் கொண்டு போகலாம். ஒட்டவில்லை என்றால் அது துத்தநாகக் கலவையாக இருக்கலாம், இல்லை கெட்டிப்படாத ரக ஸ்டெயின்லெஸ். இரண்டுமே சுவரில் மாட்டத்தான் ஆகும். ஆனால் காந்தம் ஒட்டிவிட்டது என்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது. என்னுடையதிலும் ஜம்மென்று ஒட்டியது.

அரம் இருந்தால், விற்பவர் அனுமதித்தால், வாயோரம் லேசாக ஓட்டிப் பாருங்கள். வெண்ணெயில் போவதுபோல் கடித்து இறங்கினால் தோய்ச்சலே இல்லை. கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டே போனால் கோடாரிக்கு அவ்வளவு கெட்டி ஆகாது, சில்லு தெறிக்கும். சிரமப்பட்டுக் கொஞ்சம் கடிக்க வேண்டும். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதையும் செய்யலாம். விரிசல் விட்ட இரும்பு கணீரென்று பேசாது. பிளாஸ்டிக் பிடி மாட்டிய சாமானில் மட்டும் இந்தச் சோதனை அவ்வளவாகப் பலிக்காது, பிடியே சத்தத்தை விழுங்கிவிடும்.

பிடியில் எனக்கு இப்போது இரண்டு வகையில்தான் நம்பிக்கை. ஒன்று, தலையும் தண்டும் ஒரே துண்டாக அடித்தது, ரப்பரோ தோலோ மேலே மாட்டியது. இல்லினாய் ராக்ஃபோர்டில் எஸ்ட்விங் செய்கிற கோடாரிகள் அப்படித்தான், தண்டு கண்ணுக்கே தெரியும். இன்னொன்று பழைய மர முறை. பிக்காசுக்குக் காம்பை மேலிருந்து இறக்குவார்களே, அதேபோல் மேலே பருத்த ஹிக்கரிக் காம்பு. வீசவீச தலை இன்னும் இறுகும். காம்பு உடைந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். தலையைத் தனியாகச் செய்து நைலான் பிடியில் இரண்டு போல்ட் போட்டு இணைத்தது மூன்றாவது வகை. எறிந்து விளையாட ஆகும். அந்த போல்ட்களை ஒவ்வொரு தடவையும் முறுக்கிப் பார்க்கிற பொறுமை உள்ளவர்கள் வாங்கட்டும்.

ரிவ்யூ விஷயத்துக்கு வருகிறேன். 4.6 நட்சத்திரம், 900-க்கு மேல் கருத்து. அதை நம்பித்தான் வாங்கினேன். உடைந்த பிறகு பழைய கருத்துகள்வரை தோண்டிப் பார்த்தேன். "வெளிச்சம் அருமை", "பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது". கோடாரிக்கு எங்கே பேட்டரி? கேம்ப்பிங் விளக்கு விற்ற பக்கத்தை அப்படியே மாற்றி, அதன் நட்சத்திரங்களோடு கோடாரியை ஏற்றியிருக்கிறார்கள். இது புது வித்தை இல்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. இதே மாதிரி வேலை செய்த ஒரு வைட்டமின் கம்பெனியை 6 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அதனால் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், மிகப் பழைய பத்துக் கருத்துகளைப் படியுங்கள். பெட்டியில் இருந்த அமெரிக்கக் கொடிப் படமும் அந்த ரகம்தான். நான் "மேட் இன் யு.எஸ்.ஏ." என்று மனதுக்குள் படித்துக்கொண்டேன், அச்சிட்டிருந்தது "டிசைன்டு இன் யு.எஸ்.ஏ."

புகார் அனுப்பினேன். முதல் பதில்: எறிந்து விளையாடினீர்களா? இல்லை என்றேன். அப்படியானால் விறகு வெட்டியது முறையற்ற பயன்பாடு என்றார்கள். விறகு வெட்டும் படத்தை அவர்கள் பக்கத்திலிருந்தே எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் மௌனம். அப்புறம், வாழ்நாள் வாரன்டி உண்டு, உடைந்த துண்டுகளைக் கடல் கடந்த ஒரு முகவரிக்கு என் செலவில் அனுப்ப வேண்டும் என்றார்கள். தபால் கூலி 38 டாலர் வந்தது. கடைசியாக 15 டாலர் தருகிறோம், நான் எழுதிய ரிவ்யூவை எடுத்துவிடுங்கள் என்றார்கள். எடுக்கவில்லை.

கிரெடிட் கார்டிலும் கேட்டுப் பார்த்தேன். பில் வந்து 60 நாளுக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். அக்டோபரில் வாங்கி மார்ச்சில் உறையைப் பிரித்தவன் அங்கே என்ன பேச முடியும்? வாங்கினால் அன்றைக்கே பிரியுங்கள், சமையலறைத் தராசில் வையுங்கள், பிடி கழலுமானால் கழற்றிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதெல்லாம் முடிய வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, நண்பர்கள் கேட்டதால். டெக்சாஸ் சட்டத்தில் தடி என்பதற்கான விளக்கத்திலேயே டோமஹாக் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. 2019 செப்டம்பர் முதல் தேதி வரை இதை வெளியே எடுத்துப் போவது குற்றமாக இருந்தது, அப்புறம்தான் தளர்த்தினார்கள். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். காரில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ரிவ்யூவில் மேலே உள்ள எடைக் கணக்கை வரிவரியாகப் போட்டிருந்தேன். போன வாரம் அந்தப் பக்கத்தைத் தேடினேன், காணோம். படத்தை வைத்துத் தேடியதில் அதே கோடாரி, அதே மூன்று போல்ட், வேறு பெயரில் 65 டாலருக்கு இருந்தது. நீளம் போட்டிருக்கிறார்கள், கனம் போட்டிருக்கிறார்கள். எடை என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.