முன்னால் ஒரு பல் குறைப்பதா, பின்னால் மூன்று பல் கூட்டுவதா?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 100, 125 சிசி வண்டியில் பின்னால் ஆளை உட்காரவைத்து ஏறியவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். வளைவில் இரண்டாம் கியர் இழுக்காமல் திணறும். முதல் கியருக்கு வந்தால் இன்ஜின் அலறும், வண்டி ஊர்ந்துதான் போகும். சேலத்தில் எந்த மெக்கானிக்கிடம் சொன்னாலும் வரும் பதில், “ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல் குறைச்சுப் பாருங்க.” செயின் ஓடும் பல் சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட்: முன்னால் இன்ஜின் பக்கம் சின்னது ஒன்று, பின் சக்கரத்தில் பெரியது ஒன்று.

வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3, அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்பக்கத்தை 13 ஆக்கினால் 3.23. அதைத் தொடாமல் பின்பக்கத்தை 45 ஆக்கினால் 3.21. கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஏற்றத்தில் இழுவை ஏழெட்டு சதவீதம் கூடும், இரண்டாம் கியரிலேயே வளைவு திரும்பிவிடலாம். இறங்கும்போதும் லாபம் உண்டு. இன்ஜின் நன்றாகப் பிடித்துக்கொள்வதால் பிரேக்குக்கு வேலை குறையும். எனக்கு ஏறுவதைவிட இதுதான் பெரிய விஷயம்.

ஆனால் வண்டிக்குள் இரண்டும் ஒன்றல்ல. முன் ஸ்ப்ராக்கெட் விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். பெரும்பாலும் பழைய செயினே போதும், சக்கரத்தை மூன்று மில்லிமீட்டர் போலப் பின்னுக்கு இழுத்தால் சரி. பிடிக்கவில்லை என்றால் பழையதையே மாட்டிவிடலாம். குறை என்னவென்றால், சின்ன வட்டத்தில் செயின் அதிகமாக மடங்கும், சீக்கிரம் தேயும். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் மேல் உள்ள ரப்பரையும் உரசும். பின்னால் மூன்று பல் கூட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சக்கரம் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். இடம் இல்லையென்றால் நீளமான செயின்தான். செலவு கூடும்.

என் கணக்கு இதுதான். மலை மேலேயே குடியிருந்து, காபி, மிளகு மூட்டையோடு தினமும் எஸ்டேட் பாதையில் ஓட்டுகிறவர் பின்பக்கத்தை மாற்றட்டும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஏற்காடு போகிற சேலத்துக்காரர் எதையும் தொட வேண்டாம். முதல் கியர் எதற்கு இருக்கிறது? நடுவில் இருப்பவர்கள் முன்னால் 13 போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது இருந்த இன்ஜின் சுற்றுக்கு இனி 56-தான் கிடைக்கும். நெடுஞ்சாலையில் சத்தமும் பெட்ரோலும் அதற்கேற்பக் கூடும்.

எதிர்த்திசையில் யோசிப்பவர்களும் உண்டு. பெங்களூரு போக வரச் சுகமாக இருக்கும் என்று முன்னால் 15 போடுகிறார்கள். சமதளத்தில் இன்ஜின் அமைதியாக ஓடும், உண்மைதான். தொப்பூர் ஏற்றம் வந்ததும் சின்ன இன்ஜின் மூச்சு வாங்கி, கியரைக் குறைத்தாக வேண்டும். 350 சிசிக்கு மேல் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

அப்புறம் ஸ்பீடோமீட்டர். முன் சக்கரத்திலிருந்து அளவு எடுக்கும் வண்டியில் மாற்றம் இல்லை. கியர் பாக்ஸிலிருந்து எடுப்பதில், பல் குறைத்தபின் உண்மையைவிட வேகம் கூடுதலாகக் காட்டும், ஓடாத கிலோமீட்டரும் ஏறும்.

ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வைத்திருக்கும் எஸ்டேட்காரர்கள் முதலில் கீழே குனிந்து பார்க்கட்டும். பலவற்றில் செயினே கிடையாது, பெல்ட்டும் ஷாஃப்டும்தான். செயின் உள்ள ரகங்களுக்கு இதே கணக்கு பொருந்தும். எதுவானாலும் தேய்ந்த செயினில் புது ஸ்ப்ராக்கெட்டை மாட்டாதீர்கள், புதுப் பல்லையும் அது தின்றுவிடும்.